பாதரசக் கட்டுப்பாடு: விருப்ப உடன்பாடா, கட்டாய ஒப்பந்தமா?

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும், வடக்கே ஆந்திரக் கரையில் கிருஷ்ணப்பட்டினத்திலும் நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள் நிற்கின்றன. நிலக்கரியில் இம்மியளவே இருக்கும் பாதரசம் புகையோடு வெளியேறி நீரில் படிந்து, சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, ஒரு மீனை இன்னொரு மீன் தின்னும் ஒவ்வொரு படியிலும் செறிவடையக் கூடியது. ஆகவே சேற்றையும் பாசியையும் மேயும் மடவையைவிட, மீனைத் தின்று வளரும் கொடுவாவுக்கே இந்த ஆபத்து அதிகம். பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் கண்ட வழிகளை இந்தக் கரையிலிருந்து எடைபோட்டால், உலகப் பேச்சுவார்த்தை மேசையில் போடும் கணக்கும் இங்கே போடும் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

2000களில் இரு தரப்புகள் எதிரெதிரே நின்றன. தொழில்துறையோடு கூட்டாளியாகி விருப்பத்தின் பேரில் குறைத்தால் போதும் என்றது புஷ் காலத்து அமெரிக்கா. சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம். 2009 பிப்ரவரியில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டக் கூட்டத்தில் இரண்டாவது தரப்பு வென்றது. 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் ஏற்கப்பட்ட, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 ஜூனில் அதை உறுதிசெய்தது.

விருப்ப வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இந்தியாவின் காஸ்டிக் சோடா ஆலைகள், 2003இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒப்பந்தம் பிறக்கும் முன்பே பெரும்பாலும், உப்புநீரை மின்சாரத்தால் பிரிக்க வைத்திருந்த பாதரசக் கலன்களைக் கைவிட்டு, பாதரசம் தேவைப்படாத சவ்வு முறைக்கு மாறிவிட்டன. புதிய முறையில் மின்செலவு குறைவு என்பதை மறந்துவிட்டு இதை நல்லெண்ணத்தின் வெற்றியாகக் கொண்டாடக் கூடாது. லாபமும் நன்மையும் ஒரே திசையில் ஓடும்வரைதான் இந்த வழி செல்லும்.

கட்டாய வழியின் பலம் பொருள்களில் தெரிகிறது. பாதரச வெப்பமானி, ரத்த அழுத்தமானி ஆகியவற்றின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020 என்று கெடு வைத்தார்கள். நாடுகள் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்றாலும் முடிவு தேதி உண்டு. கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டதும், அதன் பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனதும் மக்கள் போராட்டத்தால்தான். அன்று இப்படியொரு கெடு இருக்கவில்லை.

நிலக்கரிக்கு வரும்போது இதே ஒப்பந்தம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. 2015இல் மனிதச் செயல்களால் காற்றில் கலந்ததாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்ட சுமார் 2,220 டன் பாதரசத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரி எரிப்பால் வந்தது. அப்படியிருந்தும், ஏற்கெனவே இயங்கும் ஆலைகளுக்கு எட்டாம் பிரிவு பத்தாண்டு அவகாசம் தந்து, அளவிட்ட இலக்கு, உமிழ்வு வரம்பு, சிறந்த தொழில்நுட்பம், பிற மாசுகளோடு சேர்த்துக் குறைத்தல், மாற்று நடவடிக்கை ஆகிய ஐந்தில் ஒன்றையோ பலவற்றையோ நாடே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. தவறும் நாட்டைக் கேட்பதற்குப் பதினைந்து பேர் குழு உண்டு. அதன் பணி உதவுவது, தண்டிப்பதன்று. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலைவிடுவது என்று சீட்டுப்போட்டு முறை வைக்கும் பழவேற்காட்டுப் பாடு முறையில், முறை தவறினால் ஊர் கேட்கும் என்ற பயமாவது உண்டு.

அந்த ஐந்தில் எனக்கு உமிழ்வு வரம்பே உகந்ததாகப் படுகிறது. சேர்த்துக் குறைக்கும் வழி, புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போதே பாதரசத்தையும் ஓரளவு பிடிக்கும் கந்தக நீக்கிக் கருவியை நம்பியிருக்கிறது. பெருநகரங்களிலிருந்து தொலைவில் உள்ள பெரும்பாலான ஆலைகளுக்கு 2025 ஜூலையில் அந்தக் கருவியிலிருந்தே இந்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. வரம்போ, இந்திய அரசின் 2015 டிசம்பர் அறிவிக்கையிலேயே கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருக்கிறது. புகைபோக்கியில் அளந்து, கிடைத்த எண்ணைக் கரையூர்களில் பலகையில் எழுதி வைக்கலாம். ஒப்பந்தம் இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்த 2018 செப்டம்பரிலிருந்து எண்ணினால், இயங்கும் ஆலைகளுக்கான பத்தாண்டு அவகாசம் 2028 செப்டம்பரில் முடிகிறது.