மாஞ்சோலை மழையில் அட்டை உறை: துணி நல்ல துணி, கட்டுதான் வினை

அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, அட்டை சாக்ஸ் விலை குறைஞ்சிருக்கு. நீங்க போடுறது அதானே? வாங்கிரவா?" போனில் பதில் சொன்னால் கோபம்தான் முதலில் வரும். அதனால் எழுதுகிறேன்.

ரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறாமல் இருக்க இந்தத் துணி உறையைச் சாக்ஸுக்கு மேலே மாட்டி, ஷூவைப் போட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டுவது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அந்தக் கட்டுதான் என் பிரச்சினை.

மாஞ்சோலை மலையில் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழையும் கொட்டும், வடகிழக்கும் கொட்டும். பாதையில் கிடக்கும் சருகு காயவே காயாது. காலடி அதிர்வையும் உடம்புச் சூட்டையும் மூச்சுக்காற்றையும் வைத்தே அட்டை ஆளைக் கண்டுபிடித்துவிடும். புல் நுனியில் பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு, தலையை நீட்டித் துழாவிக்கொண்டு நிற்கும். சாதாரண சாக்ஸ் என்றால் உடம்பை மெலித்து இழை வழியாகவே உள்ளே போய்விடும். இந்த உறையின் நெசவைத் தாண்டி ஒன்றுகூட வந்ததில்லை. வெளிர் நிறம் வேறு. ஏறும்போதே கண்ணில் பட்டுவிடும், விரலால் சுண்டிவிடலாம். துணியை நெய்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அட்டை ஏறுவதை நிறுத்தாது. துணி விடவில்லை என்றால் மேலே, மேலே, கட்டு வரைக்கும் போகும். அந்த இடத்தில் போய் ஒரு வழுவழு கயிறும் பிளாஸ்டிக் கிளிப்பும் வைத்திருக்கிறார்கள்! நனைந்தால் கயிறு வழுக்குகிறது. ஏற்றத்தில் முழங்கால் மடங்க மடங்க கிளிப் நெகிழ்ந்து, உறை கெண்டைக்காலுக்கு இறங்கி, திறந்த பை மாதிரி நிற்கிறது. இறுக்கினால் கால் மரத்துப்போகிறது. இறங்கிய உறைக்குள் புகுந்து அட்டை கடிக்கும்போது வலியே தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஹிருடின் போன்ற ஒரு பொருளைக் கடிவாயில் விட்டுவிடுவதால், குடித்துவிட்டு விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் உறையைக் கழற்றினால் உள்ளே சாக்ஸ் முழுக்கச் சிவப்பு. தயாரித்தவர்களுக்கு எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. அடுத்து வாங்கிய ஜோடியிலும் அதே கிளிப்.

அப்புறம் கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பாவாடை நாடாவைக் கோத்தேன். பருத்தி நாடா நனைந்தால் முடிச்சு இன்னும் பிடிக்கும், நழுவாது. அன்றிலிருந்து தொல்லை இல்லை.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. கோடையில் முண்டந்துறை, காரையாறு காட்டுப் பக்கம் அட்டை குறைவு, உண்ணிதான் கூடுதல். வனத்துறை அனுமதியோடு காவலர் பின்னால் புதருக்குள் நடந்தபோதெல்லாம் உண்ணியையும் புல் ஊசியையும் இதே உறைதான் தடுத்தது. பல மழைக்காலம் துவைத்தும் தையல் விடவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு வாங்காதீர்கள் என்றால் நண்பர் சண்டைக்கு வருவார். வரட்டும். காசு கொடுத்தவன் வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல் எடுக்க வேண்டிய சாமானை, விலை குறைந்தாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். என் பழைய உறையைத் தருகிறேன். அதை அளவு காட்டி நம்மூர் டெய்லரிடம் தைக்கக் கொடுங்கள். துணியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் விரலை அறுக்கும். நாடா ஒரு விரல் அகலம்.