ஃபிளாஷ் டிரைவர்: சிப் கம்பெனியின் ஹாலா, சொந்தக் கோடா, ஜெஃபிரா?

மைக்ரோகண்ட்ரோலரின் உள் ஃபிளாஷுக்கு (மின்சாரம் போனாலும் டேட்டா அழியாத நினைவகம்) டிரைவர் என்றால் மொத்தமே மூன்று வேலைதான்: படிப்பது, அழிப்பது, எழுதுவது. எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் உள்ள போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே நாளில் ஓட வைத்துவிடலாம். அதனாலேயே இதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எடுத்த முடிவு சரியா என்பது சில வருடம் கழித்து வேறு சிப்புக்கு மாறும்போதுதான் தெரிகிறது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பல டீம்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

நம் முன் இருக்கும் வழிகள் மூன்று. சிப் கம்பெனி தன் சிப்புக்கென்று தயாராகத் தரும் ஹால் (HAL) லைப்ரரியை அப்படியே கூப்பிடலாம். ரெஃபரன்ஸ் மேனுவலைப் பார்த்து ரெஜிஸ்டர் (சிப்பைக் கட்டுப்படுத்தும் உள் இடங்கள்) அளவில் நாமே எழுதிக்கொள்ளலாம். அல்லது ஜெஃபிர் மாதிரியான ஆர்டிஓஎஸ் (சின்னக் கருவிகளுக்கான இயங்குதளம்) தரும் பொதுவான ஃபிளாஷ் ஏபிஐ-யை (ஃபங்ஷன் தொகுப்பை)ப் பயன்படுத்தலாம். எழுத எது சுலபம் என்று பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பராமரிக்க எது தாங்கும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரே எஸ்டிஎம்32 குடும்பத்துக்குள்ளேயே ஃபிளாஷ் எப்படி மாறுகிறது பாருங்கள். எஃப்103-ன் 128 கேபி வகையில் ஒரு பேஜ் (ஒரே தடவையில் அழிக்கும் துண்டு) 1 கேபி, ஒரு தடவைக்கு 16 பிட் எழுதலாம். எஃப்407-ல் பேஜே கிடையாது, செக்டர்தான். 16 கேபி நான்கு, 64 கேபி ஒன்று, மீதி எல்லாம் 128 கேபி. எல்4-ல் 2 கேபி பேஜ். 64 பிட்டாகத்தான் எழுத வேண்டும், ஒவ்வொரு 64 பிட்டுடனும் 8 பிட் இசிசி (பிழையைக் கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்டுகள்) சேர்ந்து உட்காரும். எச்743-க்குப் போனால் செக்டர் 128 கேபி, எழுதும் அளவு 256 பிட். எல்0, எல்1 இரண்டிலும் இன்னொரு கூத்து: அழித்த பிறகு எல்லா பிட்டும் 0 ஆக இருக்கும், 1 ஆக அல்ல. காலி இடம் என்றால் எல்லாம் 1 என்று நம்பி எழுதிய கோடு, அங்கே காலிப் பேஜைப் பார்த்து ஏதோ டேட்டா இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

இப்போது ஹால். தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. அன்லாக், அழி, எழுது, லாக் என்று நான்கு ஃபங்ஷன் கூப்பிட்டால் முடிந்தது. எஃப்4-ல் அழித்த பிறகு கேஷைக் காலி செய்வது போன்ற, நாம் மறந்துவிடக்கூடிய வேலைகளை அதுவே செய்துவிடுகிறது. அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் ஹாலின் பெயர் தரும் நம்பிக்கைதான் ஆபத்து. ஹால் ஃபிளாஷ் ப்ரோகிராம் என்ற ஃபங்ஷன் எல்4-லும் உண்டு, எச்7-லும் உண்டு. அதே பெயர், அதே மூன்று ஆர்க்யுமெண்ட். எல்4-ல் மூன்றாவது ஆர்க்யுமெண்ட் எழுத வேண்டிய டேட்டா. எச்7-ல் அது டேட்டா இருக்கும் முகவரி. எல்4 கோடை எச்7-க்குக் கொண்டுபோய் வகைப் பெயரை மட்டும் மாற்றினால், கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது. நீங்கள் 25 என்ற எண்ணைச் சேமிக்கக் கொடுத்தால், 25-ஆம் முகவரியில் தொடங்கி 32 பைட்டை எடுத்து எழுதும். எச்7-ல் அந்த இடம் ஐடிசிஎம் ரேம், அதாவது படிக்கக்கூடிய நினைவகம் என்பதால் ஃபால்ட்கூட வராமல் போகலாம். குப்பை ஃபிளாஷில் ஏறும், ஃபங்ஷன் 'ஓகே' என்று திரும்பும். கோட் ரிவ்யூவில் கண்ணில் படுவதும் கஷ்டம், ஏனென்றால் வரி பார்க்க அச்சு அசலாகச் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று, காத்திருக்கும் நேரம். எஃப்1, எஃப்4 ஹாலில் ஃபிளாஷ் டைம்அவுட் 50 விநாடி. எஃப்407-ன் 128 கேபி செக்டரை 32 பிட் வேகத்தில் அழிக்கவே சுமார் 1 விநாடி ஆகும், அதிகபட்சம் 2 வரை போகலாம். கோடும் அதே ஃபிளாஷில் இருந்தால் அந்த நேரம் முழுக்க ப்ராசஸர் நின்றுவிடும். வாட்ச்டாகை (கோடு நின்றுவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) 1 விநாடிக்கு வைத்திருந்தால் கதை முடிந்தது: அழிப்பு பாதியில் இருக்கும்போதே ரீசெட், மறுபடி பூட், மறுபடி அழிப்பு, மறுபடி ரீசெட். ஹால் இதை உங்களுக்குச் சொல்லாது. டேட்டாஷீட் சொல்லும், படித்தால்.

சொந்தமாக எழுதுவதைச் சிலர் வீண் வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சிப்புக்கான டிரைவர் இருநூறு வரிக்குள் அடங்கிவிடும், அதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று டீமில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஃபங்ஷன் ரேமில் இருந்து ஓட வேண்டும், எந்த இன்டரப்ட் காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதை நாமே முடிவு செய்யலாம். பூட்லோடருக்கு (சிப் எழுந்ததும் முதலில் ஓடும் கோடு) 8 கேபி இடம்தான் என்றால் வேறு வழியும் கிடையாது. விலை என்னவென்றால், எர்ரேட்டா (சிப்பின் தெரிந்த கோளாறுகள்) தாளைப் படிக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. முந்தைய பிழைக் கொடிகளைத் துடைக்காமல் அடுத்த எழுத்தைத் தொடங்கினால் எல்4 முரண்டு பிடிக்கும். இந்த மாதிரி ஞானமெல்லாம் கோடில் கமெண்டாக இருக்க வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த டிரைவரைத் தொடப் பயப்படும் நிலை வந்தால், அதற்குக் காரணம் அந்தக் கமெண்டுகள் இல்லாததுதான்.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்4-ல் 64 பிட் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், டேட்டா ஒரு மாதிரியும் இசிசி வேறு மாதிரியும் நின்றுவிடலாம். அடுத்த பூட்டில் அந்த இடத்தைப் படித்தவுடன், இரண்டு பிட் பிழை என்று என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) அடிக்கும். என்எம்ஐ ஹேண்ட்லரில் வெறும் முடிவில்லாத லூப் இருந்தால் கருவி இனி எழுந்திருக்காது. டேட்டா சரியா என்று பார்க்க சிஆர்சி போட்டிருக்கிறோமே என்பது உதவாது. சிஆர்சி பார்க்கும் வரை கோடு போகவே போகாது. ஹேண்ட்லரில் இசிசி ரெஜிஸ்டரில் இருந்து முகவரியை எடுத்து, கொடியைத் துடைத்து, 'இந்த ரெக்கார்ட் கெட்டது' என்று குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். களத்தில் இருந்து செத்துப்போய்த் திரும்பி வரும் போர்டுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அப்புறம் ஜெஃபிர். 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் தொடங்கியது. இதன் ஃபிளாஷ் ஏபிஐ-யில் எனக்குப் பிடித்தது படி, எழுது, அழி அல்ல. அவை எங்கும் உண்டு. எழுதும் அளவு என்ன, அழித்தால் என்ன மதிப்பு வரும், பேஜ்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று டிரைவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் விஷயம். எல்0-ன் அந்த 0 கூத்து இங்கே ஒரு மதிப்பு மட்டும், அவ்வளவுதான். 3.7 பதிப்பில், எழுதுமுன் அழிக்க வேண்டிய நினைவகமா, ஆர்ரேம் (RRAM) மாதிரி அழிக்கத் தேவையே இல்லாததா என்பதையும் கேட்கும்படி செய்துவிட்டார்கள். என்விஎஸ் (அமைப்பு மதிப்புகளைச் சேமிப்பது), லிட்டில்எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம்), எம்சியூபூட் (பூட்லோடர்) எல்லாம் இதன் மேல் தயாராக ஓடுகின்றன. ப்ளூடூத் சிப்பான என்ஆர்எஃப்52840-ல் ஒரு 4 கேபி பேஜை அழிக்க 85 மில்லிவிநாடி ஆகும். ப்ளூடூத் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ராசஸர் அவ்வளவு நேரம் நிற்பது சரிப்படாது. ஜெஃபிரின் டிரைவரில் அழிப்பைத் துண்டு துண்டாக்கி ரேடியோ சும்மா இருக்கும் இடைவெளிகளில் செய்ய வசதி இருக்கிறது. இதை நாமே எழுதிச் சோதிப்பது எளிதல்ல.

ஆனால் ஜெஃபிரை ஃபிளாஷ் டிரைவருக்காக மட்டும் எடுக்க முடியாது. டிவைஸ்ட்ரீ (ஹார்டுவேர் விவரிப்பு), கேகான்ஃபிக் (அமைப்புத் தேர்வு), வெஸ்ட் (பில்ட் கருவி) எல்லாம் கூடவே வரும். ஏற்கெனவே ஆர்டிஓஎஸ் இல்லாமல் ஓடும் ப்ராடக்டை இதற்காக மாற்றுவது ஃபர்ம்வேரையே மறுபடி எழுதுவதற்குச் சமம். பதிப்பு உயர்த்தும் வேலையும் தொடர்ந்து வரும். 16 கேபி ஃபிளாஷ் உள்ள சின்ன சிப்பில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பொதுவான அடுக்கு எதை நம்பினாலும் அதன் ஆயுளையும் பார்க்க வேண்டும்: ஆர்ம் கம்பெனியின் எம்பெட் என்ற ஆர்டிஓஎஸ், தன் சொந்த ஃபிளாஷ் ஏபிஐ-யோடு நன்றாகத்தான் இருந்தது. 2026 ஜூலையோடு முடிவுக்கு வரும் என்று 2024-ல் அறிவித்துவிட்டார்கள். அங்கே பிறந்த லிட்டில்எஃப்எஸ் பிழைத்தது; கீழே இருந்து நான்கு ஃபங்ஷன் மட்டும் எதிர்பார்க்கும் அளவுக்கு அதன் இடைமுகம் ஒல்லியாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

என் முடிவு இது. புதிய ப்ராடக்ட், ரேடியோ உண்டு, சிப் மாறக்கூடும் என்றால் ஜெஃபிர். ஒரே சிப், சின்ன நினைவகம், பத்து வருடம் களத்தில் இருக்கப்போகிறது என்றால் சொந்த டிரைவர். ஹாலை நேரடியாக அப்ளிகேஷனில் இருந்து கூப்பிடுவதை மட்டும் எந்த ப்ராடக்டுக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேண்டுமானால் சொந்த டிரைவருக்கு உள்ளே, ஒரே ஃபைலில் அடங்கி இருக்கட்டும். எழுதும் அளவு, அழிக்கும் அளவு, அழித்த மதிப்பு, ஒரே இடத்தில் இரண்டாம் தடவை எழுதலாமா கூடாதா என்ற நான்கையும் அந்த ஃபைல் தனக்கு மேலே உள்ள அடுக்குக்குச் சொல்ல வேண்டும். ரஸ்ட் மொழியில் எம்பெடட்-ஸ்டோரேஜ் லைப்ரரி இந்த நான்காவதைத் தனி ட்ரெய்ட்டாகவே (இடைமுகமாகவே) பிரித்து வைத்திருக்கிறது. சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்ட் போதும்.

இப்படிப் பிரித்துவிட்டால் கீழே நிஜ ஃபிளாஷுக்குப் பதில் பிசியில் ஒரு சிமுலேட்டரைச் செருகலாம். ஜெஃபிரில் தயாராகவே ஒன்று இருக்கிறது. சொந்தமாக என்றால் ஒரு ரேம் அரே போதும். எழுதும்போது 0-ஐ 1 ஆக்க முயன்றால் (பெரும்பாலான ஃபிளாஷில் அதற்கு அழிக்க வேண்டும்) மறுக்க வேண்டும், எத்தனையாவது எழுத்தில் மின்சாரத்தை வெட்டச் சொன்னாலும் அங்கேயே நிற்க வேண்டும். முதல் எழுத்தில் வெட்டு, இரண்டாவதில் வெட்டு என்று கடைசி வரை ஓட்டி, ஒவ்வொரு முறையும் பூட் ஆனபின் பழைய மதிப்போ புதிய மதிப்போ ஏதாவது ஒன்று முழுதாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிமுலேட்டரில் வராத ஒரு கோளாறு உண்டு. அழிப்பு பாதியில் நின்ற பேஜில் சில பிட்டுகள் ஒரு தடவை 1 என்றும் அடுத்த தடவை 0 என்றும் படிக்கும். பேஜ் காலியாகத் தெரிகிறதே என்று நம்பி அதில் எழுதினால் பிறகு கெடும். அதனால் அழித்து முடித்ததும் ஒரு குறியை எழுதி வைப்பதும், பூட்டில் அந்தக் குறி இல்லாத பேஜை, காலியாகத் தெரிந்தாலும் மறுபடி அழிப்பதும் டிரைவருக்கு மேலே உள்ள அடுக்கின் வேலை. இதைச் சோதிக்க நிஜ போர்டும், அதன் சப்ளையை நேரம் மாற்றி மாற்றி வெட்டும் ஒரு ரிலேயும் வேண்டும்.