பால்சா விமானத்துக்கு வண்ணம்: கொடைக்கானலில் நான்கு வருடம்

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் சாவகாசமாக மிதக்கிற கிளைடர், அதாவது பால்சா என்கிற லேசான மரத்தில் செய்த இன்ஜின் இல்லாத மாதிரி விமானம், இங்கே கொஞ்சம் வேகம் பிடித்தால்தான் தாங்கும். வண்ணத்தில் ஏறும் எடை உடனே தெரிந்துவிடும்.

என் முதல் கிளைடர் 38 கிராம். அக்ரிலிக்கில் தண்ணீர் கலந்து நேராகத் தூரிகையால் பூசினேன். பால்சா தண்ணீரைக் குடித்து நார் எழும்பிவிட்டது. ஒன்றரை மில்லிமீட்டர் வால்தகடு காலையில் அப்பளம்போல வளைந்து கிடந்தது. எடை 47 கிராம். வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது. அந்த விமானம் அப்புறம் சரியாகப் பறக்கவே இல்லை.

அதன் பிறகு தச்சர்கள் மரத்தின் நுண்துளைகளை அடைக்க வாங்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலருக்கு மாறினேன். சம அளவு தின்னர் கலந்து ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் 400 உப்புத்தாளால் கை பாரமில்லாமல் தேய்ப்பு. மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. இதில் முக்கியம், இரண்டு பக்கமும் ஒரே நாளில் பூசுவது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் சீலர் காயும்போது சுருங்கி அந்தப் பக்கமாக இழுக்கும். பூசிய தகட்டை அடியில் குச்சிகள் கொடுத்து, பலகையில் ஊசி குத்தி நிறுத்திவிடுவேன். அடியிலும் காற்று போக வேண்டும்.

காகிதம் ஒட்டிய இறக்கைக்கு டோப்தான்; காயும்போது காகிதத்தை இழுத்து இறுக்கும் பூச்சு அது. சுருக்கம் குறைய அதில் சில சொட்டு விளக்கெண்ணெய் விடுவேன்.

மூடுபனிதான் இந்த ஊரில் பெரிய தொல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். பால் சிந்தியதுபோல வெளுக்கும். வெயில் வந்த நாளில் தின்னர் மட்டும் லேசாகத் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அவசரப்பட்டுக் கணப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நான் ஜனவரி, பிப்ரவரி பகல்களுக்காகக் காத்திருக்கிறேன்.

நிறம் என்று பார்த்தால் இறக்கை நுனியிலும் வாலிலும் சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். புல்மேட்டில் விழுந்தால் தேட அது போதும். மற்ற இடமெல்லாம் மரத்தின் நிறமே.

இப்போதைய கிளைடர் பூச்சுக்கு முன் 38, பின் 41 கிராம். குறை ஒன்று உண்டு: வெயில் பட்ட இடங்களில் சீலர் மஞ்சளாகிவிட்டது. வால்தகடு மட்டும் நான்கு வருடமாக நேராகவே நிற்கிறது.