அவசரப் பிரிவில் ஸ்கேன் மிஷின்: சில வருட அனுபவம்

தர்மபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை. லேப்டாப் அளவு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மிஷின் ஒன்றைச் சில வருடமாகத் தினமும் தொடுகிறேன். ரேடியாலஜிஸ்ட் செய்யும் முழு ஸ்கேனுக்கு இது மாற்று இல்லை. இப்போது உடனே என்ன செய்யணும், அந்த ஒரு கேள்விக்குத்தான் புரோபை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவியை, எடுக்கிறோம்.

தொப்பூர் கணவாயில் அடிபட்டு வந்தால் முதலில் வலது விலாப் பக்கம்தான் வைப்பேன். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் ரத்தம் தேங்கியதைக் காட்டும் கறுப்புக் கோடு தெரிந்து, பிரஷரும் இறங்கிக்கொண்டே இருந்தால் சி.டி.க்கு அனுப்பி நேரத்தைக் கடத்தாமல் ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். கோடு இல்லையென்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, ரத்தம் கொஞ்சமாக இருந்தால் தெரியாது, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்க்கணும்.

என் வைத்தியத்தையே மாற்றியது நுரையீரல் ஸ்கேன். காற்று ஒலியலையைத் திருப்பிவிடும், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன் 2008ல் வெளியிட்ட புளூ புரோட்டோகால் மூச்சுத்திணறலுக்கு இதை எப்படிப் படிப்பது என்று வரிசைப்படுத்தித் தந்தது. நடு ராத்திரியில் பீடி பிடிக்கும் பெரியவர் ஒருவர், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறார், ஸ்டெத்தில் விசில் சத்தம். நெபுலைசர் வைக்கத்தான் கை போகும். புரோபை வைத்தால் நெஞ்சின் இரண்டு பக்கமும் வால் நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கோடுகள் திரையின் அடிவரை இறங்கி மூச்சோடு அசைகின்றன. அப்படியென்றால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசிதான் வேலை செய்யும்.

டெங்கு சீசனில் உறவினர்கள் கேட்பதெல்லாம் "பிளேட்லெட் எவ்வளவு சார்?" என்றுதான். நான் பார்ப்பது பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்கிறதா என்று. பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, குழாயிலிருந்து கசிவதை அது காட்டிக்கொடுக்கும், சலைன் எவ்வளவு என்பதை அதை வைத்துத்தான் யோசிக்கணும்.

மலைக்கிராமத்துக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லையே என்ற வருத்தம் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு செய்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டத்தின் எஃப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆனாலும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்கவே, வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் நீட்டிக்க வேண்டியிருந்த மாவட்டம் இது.

வாங்க நினைப்பவர்கள் வயிற்றுக்கு ஒரு கர்விலினியர் (வளைந்த முகம்), ரத்தக்குழாய்க்கு ஒரு லீனியர் (நேரான முகம்) என்று இரண்டு புரோபும் சேர்த்தே வாங்குங்கள். கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி அவசியம்.