சூரிச் ஆய்வகத்தின் எச்.ஜி.எஃப். மென்பொருள்: ஒரு முனைவர் பட்ட மாணவரின் மதிப்புரை

மூளை அடுத்து வரப்போவதை எப்படி ஊகிக்கிறது, அந்த ஊகம் ஆளுக்கு ஆள் எந்த அளவில் வேறுபடுகிறது என்பதைத் தம் முனைவர் பட்டத்துக்கான கேள்வியாக எடுத்துக்கொண்டவர் எவராயினும், வெகு சீக்கிரத்திலேயே எச்.ஜி.எஃப். என்ற பெயரில் வந்து முட்டிக்கொள்வார். ஹைரார்க்கிக்கல் காஸியன் ஃபில்டர் என்பது அதன் முழுப்பெயர். கிறிஸ்டோஃப் மாத்திஸும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் அறிமுகமான இந்தக் கணித மாதிரி, சூரிச் பல்கலைக்கழகமும் இ.டி.எச். சூரிச்சும் சேர்ந்து நடத்தும் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய டாபாஸ் என்னும் மென்பொருள் தொகுப்பின் ஒரு பகுதியாகக் கிடைக்கிறது. ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் வெளியாவதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஓட்டுவதற்கு மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருள் வேண்டும், அது இலவசமன்று. என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் இந்த மென்பொருள் தரும் எண்களின் மீதே நிற்கின்றன என்பதால், இதை வாங்கலாமா என்று கேட்பவருக்குச் சொல்வதைப் போலன்றி, இதை நம்பலாமா என்று கேட்பவருக்குச் சொல்வதைப் போலவே எழுதுகிறேன்.

முதலில் இது எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் அடிக்கடி நடத்தப்படும் சோதனை ஒன்றில், பங்கேற்பாளர் ஓர் ஒலியைக் கேட்கிறார். உயர்ந்த சுருதி அல்லது தாழ்ந்த சுருதி. அதையடுத்துத் திரையில் ஒரு முகமோ ஒரு வீடோ தோன்றும். எது தோன்றும் என்பதை அவர் முன்கூட்டியே ஊகித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சிறிது நேரம் உயர்ந்த சுருதிக்குப் பின் பெரும்பாலும் முகமே வருகிறது. அவர் அதற்குப் பழகிய பின், எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்த உறவு தலைகீழாகிறது. சிலர் இரண்டு மூன்று தவறுகளிலேயே மனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் பத்து முறை ஏமாந்தாலும் பழைய ஊகத்தையே பற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சிலர், உறவு மாறாத பகுதியிலும் ஒரேயொரு விதிவிலக்கைக் கண்டதும் கட்சி மாறிவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டை 'சரியான விடைகளின் விழுக்காடு' என்ற ஒற்றை எண்ணாக்கினால், முதல் வகையினரும் மூன்றாம் வகையினரும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றுவிடக்கூடும். எச்.ஜி.எஃப். இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

அதன் அடிப்படை எண்ணம் எளிமையானது. கீழ்த்தளத்தில் இந்த முறை வந்தது முகமா வீடா என்ற செய்தி இருக்கிறது. நடுத்தளத்தில் முகம் வருவதற்கான நாட்டம் எவ்வளவு என்ற நம்பிக்கை இருக்கிறது. மேல்தளத்தில் அந்த நாட்டமே எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது, அதாவது உலகம் இப்போது நிலையாக இருக்கிறதா, அலைபாய்கிறதா என்ற நம்பிக்கை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலான கணிப்புப் பிழை கீழிருந்து மேலே ஏறுகிறது. ஆனால் அது அப்படியே ஏறுவதில்லை. இருக்கும் நம்பிக்கை எவ்வளவு உறுதியானதோ அந்த அளவுக்குப் பிழையின் எடை குறைகிறது. நம்பிக்கை தளர்ந்திருந்தால் எடை கூடுகிறது. உலகம் அலைபாய்கிறது என்று மேல்தளம் கருதத் தொடங்கினால் நடுத்தளம் வேகமாகக் கற்கிறது. ஆகவே கற்றல் வீதம் ஒருவருக்கு ஒன்று என்று நிலையாக இராமல், ஒவ்வொரு முறையும் மாறுகிறது. 1972இல் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் முன்வைத்த பழைய சூத்திரத்தில் கற்றல் வீதம் மாறாத எண். இங்கே மாறாதவை ஒமேகா (நடுத்தள நம்பிக்கை மாறும் அடிப்படை வேகம்), கப்பா (மேல்தளம் நடுத்தளத்தைப் பாதிக்கும் அளவு), தீட்டா (மேல்தள நம்பிக்கை மாறும் வேகம்) என்ற அளவுருக்களே. ஒருவரின் பொத்தான் அழுத்தங்களிலிருந்து அவருக்குரிய இந்த எண்களைக் கண்டுபிடித்துத் தருவதுதான் மென்பொருளின் வேலை.

பயன்படுத்துவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஃபிட்மாடல் என்ற ஒரே கட்டளைக்குப் பங்கேற்பாளரின் விடைகளையும், அவர் கண்ட நிகழ்வுகளின் வரிசையையும், எந்த மாதிரியைப் பொருத்த வேண்டும் என்பதையும் கொடுத்தால் போதும். தொகுப்புடன் வரும் எடுத்துக்காட்டு வரிசையில் 320 நிகழ்வுகள் இருக்கின்றன. தொடர் எண்களுக்கான மற்றோர் எடுத்துக்காட்டாக அமெரிக்க டாலருக்கும் சுவிஸ் ஃப்ராங்குக்கும் இடையிலான நாணய மாற்று வீதத்தையே வைத்திருக்கிறார்கள். சூரிச்சில் பிறந்த மென்பொருள் என்பதை மறைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை போலும்.

பொருத்தம் முடிந்ததும் வரையச் சொன்னால் வருகிற படம், இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலிருந்து கீழாக ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கட்டம். அடிக்கட்டத்தில் நிகழ்வுகள் பச்சைப் புள்ளிகளாகவும், பங்கேற்பாளரின் விடைகள் ஆரஞ்சுப் புள்ளிகளாகவும் விளிம்பையொட்டி நிற்க, நடுவே அவருடைய நம்பிக்கை சிவப்புக் கோடாக ஏறி இறங்குகிறது. மெல்லிய கறுப்புக் கோடு கற்றல் வீதம். உறவு தலைகீழாகும் இடத்தில் ஒருவரின் சிவப்புக் கோடு செங்குத்தாக விழுவதையும், இன்னொருவருடையது மலைச்சரிவைப் போல மெதுவாக இறங்குவதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஆளுக்கு ஆள் வேறுபாடு என்று ஆய்வு முன்மொழிவில் நான் பொதுப்படையாக எழுதிவைத்திருந்தது முதன்முறையாக ஓர் உருவத்தோடு எதிரே வந்து நின்றது.

அதே படம்தான் என் தவறையும் காட்டிக்கொடுத்தது. ஒரு பங்கேற்பாளரின் சிவப்புக் கோடு காரணமே இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. அவருடைய ஒமேகாவும் மற்றவர்களிடமிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. அவரை விதிவிலக்கான மூளை என்று எண்ணி இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஆரஞ்சுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: அவர் நேரத்துக்குள் பொத்தானை அழுத்தாத முறைகளில் எல்லாம் நான் எழுதிய நிரல் 0 என்று பதிவு செய்திருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை 0 என்பது விடையின்மையன்று, 'வீடு' என்ற விடை. விடையில்லாத இடங்களை எண்ணல்லாத குறியீடாக விட வேண்டும் என்று நிரலின் குறிப்புகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படிக்காதது என் பிழை. திருத்தி ஓட்டியதும் அந்த விதிவிலக்கான மூளை சாதாரண மூளையாகிவிட்டது.

ஆவணங்களைப் பற்றிச் சொல்வதானால், அமைப்புக் கோப்புகளுக்குள்ளேயே நீண்ட விளக்கக் குறிப்புகளை எழுதிவைத்திருப்பது நல்ல வழக்கம். ஒவ்வொரு அளவுருவுக்கும் ஒரு முன்நம்பிக்கை, அதாவது சராசரியும் பரவற்படியும் (அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவும்) கொடுக்க வேண்டும். பரவற்படியை 0 ஆக்கினால் அந்த அளவுரு அசையாமல் நின்றுவிடும். எதை அசையவிடுவது, எதை நிறுத்துவது என்ற இந்த முடிவுதான் ஆய்வின் பாதி. தயாராக வரும் மதிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள், தங்கள் முடிவுகளில் ஒரு பகுதியை அந்தக் கோப்பை எழுதியவரின் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை உணர்வதில்லை.

இங்கே என் முக்கியமான குறையை, அல்லது எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது அந்த மனிதருடைய எண்ணாகிவிடாது. சோதிக்கும் வழி எளிது: சிம்மாடல் என்ற கட்டளைக்கு நமக்குத் தெரிந்த அளவுருக்களைக் கொடுத்துக் கற்பனைப் பங்கேற்பாளர்களை உருவாக்கலாம், அவர்களுடைய விடைகளை மீண்டும் ஃபிட்மாடலுக்குக் கொடுத்தால், போட்ட எண் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். நடுத்தளத்தின் ஒமேகா ஓரளவு நன்றாகவே திரும்பி வருகிறது. மேல்தளத்தின் தீட்டா அப்படியன்று. இருநிலை விடைகளில் அதைப் பற்றிய செய்தி மிகக் குறைவு என்பதால், அது பெரும்பாலும் நாம் கொடுத்த முன்நம்பிக்கையின் அருகிலேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டு ஒருவரின் பதற்றத்தோடோ தூக்கத்தோடோ ஒப்பிட்டால், நாம் மனிதர்களை ஒப்பிடவில்லை, நம் அமைப்புக் கோப்பை ஒப்பிடுகிறோம். இதோடு, விடை தேர்வில் உள்ள தற்செயலைக் குறிக்கும் ஸீட்டா என்ற அளவுருவும் ஒமேகாவும் ஒன்றின் வேலையை மற்றொன்று பறித்துக்கொள்வதுண்டு: கவனமில்லாமல் அழுத்தியவரும் உலகம் அலைபாய்கிறது என்று நம்பியவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிவார்கள். அளவுருக்களுக்கு இடையிலான இந்த ஒட்டுறவைப் படமாக வரைந்துகாட்டும் கட்டளையும் தொகுப்பிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் கட்டுரை எழுதுவது நம் சோம்பல், மென்பொருளின் குற்றமன்று.

குழுக்களை ஒப்பிடுவதில் இந்த மாதிரி சாதித்தவை சிறியவையல்ல. 2017இல் ரெபெக்கா லாசன், மாத்திஸ், ஜெரைன்ட் ரீஸ் ஆகியோர், மேலே சொன்னதைப் போன்ற, ஆனால் முன்கூட்டி ஊகிப்பதற்குப் பதிலாகத் தோன்றியது முகமா வீடா என்று அழுத்தச் சொல்லும் சோதனையைப் பயன்படுத்தி, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சூழலின் நிலையின்மையை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார்கள். எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது என்று எதிர்பார்ப்பவருக்கு எதிர்பாராதது வந்தாலும் வியப்பு குறைவு. அதே ஆண்டில் ஆல்பர்ட் பவர்ஸ், மாத்திஸ், ஃபிலிப் கோர்லெட் ஆகியோர், ஒலியும் காட்சியும் இணைத்துப் பழக்கப்பட்டவர்களுக்கு ஒலியே இல்லாதபோதும் அது கேட்பதாகத் தோன்றும் நிலையை ஆராய்ந்தார்கள். மனநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு சாராரிலும் குரல் கேட்பவர்களையும் கேட்காதவர்களையும் சேர்த்து நான்கு குழுக்களை அமைத்தது அந்த ஆய்வின் நேர்த்தி. முன்நம்பிக்கைக்கு அளவுக்கு மீறிய எடை கொடுப்பது நோயோடு போகவில்லை, குரல் கேட்பதோடு போயிற்று.

ஆனால் குழுச் சராசரியில் வேறுபாடு காட்டுவது ஒன்று, ஒரு தனிமனிதரின் எண் இன்றும் அடுத்த மாதமும் அதே இடத்தில் நிற்பது வேறொன்று. க்ரெய்க் ஹெட்ஜ் முதலானோர் 2018இல் சுட்டிக்காட்டிய முரண் இங்கே அப்படியே பொருந்துகிறது: எல்லாரிடமும் ஒரே விதமாக விளைவைக் காட்டும் சோதனை, அந்தக் காரணத்தாலேயே ஆட்களைப் பிரித்துக்காட்டுவதில் தோற்கக்கூடும். ஆகவே தனிநபர் வேறுபாட்டை ஆராய்பவர் அதே ஆட்களை இரண்டாம் முறையும் அழைத்துச் சோதிக்கும் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறைக் குறைகள் சில. அளவுருக்கள் மாதிரியின் அனுமானங்கள் செல்லுபடியாகாத பகுதிக்குப் போய்விட்டால், துல்லியம் (நம்பிக்கையின் உறுதியைக் குறிக்கும் எண்) எதிர்மறையாகிவிட்டது என்ற செய்தியுடன் கணக்கு நின்றுவிடும். புதியவர்களுக்கு அந்தச் செய்தி ஒன்றும் சொல்லாது. பின்னர் வந்த மேம்படுத்தப்பட்ட வடிவம் இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கிறது என்பதால் புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுத்துக்கொள்ளலாம். மேட்லாப் வடிவத்தின் ஃபிட்மாடல் ஒவ்வொரு பங்கேற்பாளரையும் தனித்தனியாகவே பொருத்துகிறது. எல்லாரையும் ஒரே படிநிலையில் வைத்து மதிப்பிட விரும்புபவர்களுக்கும், மேட்லாப் உரிமம் இல்லாதவர்களுக்கும் பைஎச்.ஜி.எஃப். என்ற பைத்தான் வடிவம் இருக்கிறது. படிநிலை மதிப்பீட்டில் குறைவான தரவுள்ளவரின் எண் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுக்கப்படும். அது பெரும்பாலும் நல்லதே, ஆயினும் ஆளின் தனித்தன்மையைத் தேடும் ஆய்வில் எவ்வளவு இழுபட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. இதே தொகுப்பில் ரெஸ்கோர்லா–வாக்னர் மாதிரியும் இருக்கிறது. முதலில் அதைப் பொருத்திப் பார்த்து, தரவு மூன்று தளங்களைக் கேட்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு மேலே போவதே முறை. என் முதல் சோதனையின் தரவு கேட்கவில்லை.

அதன் பின் ஒரு பங்கேற்பாளரையும் அழைக்காமல் கற்பனை ஆட்களை மட்டுமே வைத்து வேலை செய்தேன். எல்லாருக்கும் ஒரே நிகழ்வு வரிசையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இல்லையேல் ஆளின் வேறுபாடும் வரிசையின் வேறுபாடும் கலந்துவிடும். உறவு மாறும் இடங்களை நெருக்கியும் விலக்கியும் இரண்டு வரிசைகளை எழுதிக் கிழித்த பிறகு, மூன்றாவதில்தான் நான் போட்ட ஒமேகா போட்டபடி திரும்பி வந்தது. தீட்டா அப்போதும் வரவில்லை. அதன் பரவற்படியை 0 ஆக்கிவிட்டு, ஆய்வேட்டின் தலைப்பிலிருந்த 'நிலையின்மை' என்ற சொல்லையும் வழிகாட்டியின் ஒப்புதலுடன் எடுத்துவிட்டேன்.