கைப்பேசியில் குளோசப் படங்கள்: மூன்றாண்டு அனுபவம்

மூன்று ஆண்டுகளாக ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு பூ, பூச்சி, நாணயம், கைக்கடிகாரத்தின் உட்பாகம் எனச் சிறிய பொருட்களைப் படம்பிடித்து வருகிறேன். முதல் சில மாதங்களில் எடுத்தவை திரையில் அழகாகத் தெரியும், பெரிதாக்கினால் மங்கிவிடும். கேமராவின் தரம் போதவில்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் நான் அளவுக்கு மீறி நெருங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

எந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கும் கிட்டே போனால் அதனால் ஃபோகஸ் செய்ய இயலாது. அந்த எல்லையைக் கண்டுபிடிக்க, பொடி எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதற்குச் செங்குத்தாக ஒரு ஸ்கேலைப் பிடித்தபடி கைப்பேசியை மெல்ல முன்னே நகர்த்தினேன். முதன்மைக் கேமராவில் 12 செ.மீ. வரை எழுத்துகளின் விளிம்பு கத்திபோல் இருந்தது, 11 செ.மீ. ஆனதும் விளிம்புகள் கரையத் தொடங்கின. பத்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை கற்றுத்தந்த அளவுக்கு வேறெதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை. இந்த எண் கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும் என்பதால் அவரவர் அளந்து பார்ப்பதே சரி. கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் பெரிதாகப் பெரிதாக இந்தத் தூரமும் பொதுவாகக் கூடுகிறது. புதுக் கைப்பேசி வாங்கியவர்கள் பழையதில் எடுத்த அளவுக்கு நெருக்கமாக எடுக்க முடியவில்லையே என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் பல கைப்பேசிகளில் அகலமான காட்சிக்கென உள்ள அல்ட்ரா வைடு லென்ஸை மேக்ரோவுக்கு, அதாவது மிக நெருக்கத்தில் எடுப்பதற்கு, பயன்படுத்துகிறார்கள். 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோவில் அந்த லென்ஸ் 2 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். என் கைப்பேசியிலும் இவ்வசதி உண்டு. ஆனால் பொருளை நெருங்கியதும் அது நம்மைக் கேட்காமலே லென்ஸை மாற்றிக்கொள்கிறது. திரையில் படம் சற்றே துள்ளுவதுதான் ஒரே அடையாளம். எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்ற ஐயம் வந்தால், விரலால் லென்ஸ்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தானாக மாறும் அந்த அமைப்பை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். அல்ட்ரா வைடின் சென்சார் சிறியது, அது வாங்கும் ஒளியும் குறைவு. அதனால் மாலை வெளிச்சத்திலோ அறைக்குள்ளோ எடுத்தால் ஒளிக்குறைவால் படத்தில் தோன்றும் புள்ளிகளை மென்பொருள் நீக்கும் முயற்சியில் இலையின் நரம்புகளையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. போதாததற்கு, 2 செ.மீ. தூரத்தில் கைப்பேசியின் நிழலே பொருளின் மேல் விழுகிறது.

ஆகவே இப்போது பெரும்பாலும் முதன்மைக் கேமராவை 50 மெகாபிக்சலில் வைத்து, 15 செ.மீ. அளவில் தள்ளி நின்று எடுத்து, பின்னர் வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்கிறேன். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என நடுப்பகுதியை வெட்டினாலும் 12.5 மெகாபிக்சல் மிஞ்சும். நல்ல பகல் வெளிச்சம் இருக்கும்வரை இப்படி வெட்டியெடுத்த படம், என் பழைய கைப்பேசியில் இருந்த 2 மெகாபிக்சல் தனி மேக்ரோ கேமராவின் படத்தைவிட எல்லா வகையிலும் மேலானது. தள்ளி நிற்பதால் பூச்சியும் கலைவதில்லை, நிழலும் விழுவதில்லை. வெளிச்சம் குறைந்தால் இம்முறை கைகொடுக்காது.

தூரம் சரியாக அமைந்த பின்னும் கூர்மைக்கு மற்றொரு தடை உண்டு. மேசையில் கிடத்திய ஸ்கேலைச் சாய்வாகப் படம்பிடித்தபோது, ஐந்தாறு மில்லிமீட்டர் கோடுகள் மட்டுமே தெளிவாக விழுந்து, முன்னும் பின்னும் உள்ளவை மங்கிப்போயின. பெரும்பாலான கைப்பேசிகளில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையை, குறைக்க வழியில்லாததால் இந்த மெல்லிய பட்டைக்குள் எதை வைப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். பட்டாம்பூச்சி இறக்கையை விரித்திருந்தால் கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடிப்பேன். சிலந்தியென்றால் கண்களில் ஃபோகஸ் இருந்தால் போதும், கால்கள் மங்கினாலும் படம் உயிரோடு இருக்கும். ஒரு முறை சிறிய குதிக்கும் சிலந்தி ஒன்று இலையின் ஓரத்தில் நின்று நேராக என்னைப் பார்த்தது. எடுத்த முப்பது படங்களில் ஒன்றில் மட்டும் அதன் பெரிய முன்கண்கள் இரண்டும், அவற்றைச் சுற்றியிருந்த மயிரிழைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. மற்றவற்றில் ஃபோகஸ் அதன் முதுகிலோ இலையிலோ போய் உட்கார்ந்திருந்தது.

அந்தச் சிலந்திக்குப் பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் திரையைத் தட்டுவதை விட்டுவிட்டேன். ஒரு முறை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டபடி உடலை மயிரிழை அளவு முன்னே சாய்த்துக்கொண்டே தொடர்ச்சியாகச் சுடுகிறேன். கையதிர்வைத் தடுக்கும் அமைப்பு பக்கவாட்டு அசைவை ஓரளவு சமாளித்தாலும், முன்பின் அசைவுக்கு எதுவும் செய்யாது. குளோசப்பில் படத்தைக் கெடுப்பதோ பெரும்பாலும் அந்த அசைவுதான். தொடர்ச்சியாக எடுத்தால் அந்த அசைவே நமக்கு உதவுகிறது, ஏதாவது ஒரு படத்தில் ஃபோகஸ் சரியான இடத்தைக் கடந்து போகும். அசையாத பொருளென்றால் ஸ்டாண்டில் வைத்து இரண்டு நொடி டைமர் போதுமானது. காற்றில் ஆடும் பூவுக்கு இவையெதுவும் பலிக்காது, காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை ஃபிளாஷை நான் தொடுவதேயில்லை. சன்னலோர வெளிச்சமும், எதிர்ப்பக்கம் நிறுத்திய ஒரு வெள்ளைத் தாளும் போதும். நாணயத்தில் மட்டும் வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வர வேண்டும். நேராக விழுந்தால் எழுத்துகள் தட்டையாகிவிடும்.

இரண்டாம் ஆண்டில் வாங்கிய, கைப்பேசிக் கேமராவின் மேல் கவ்விப் பொருத்தும் க்ளிப் லென்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 மடங்கு என்று குறிப்பிட்டிருக்கும் லென்ஸின் குவியத் தூரம் ஏறத்தாழ 25 மி.மீ.; ஆகவே பொருளிலிருந்து 2.5 செ.மீ. அருகில் நிற்க வேண்டியிருக்கும், தெளிவான பட்டையும் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். நடுவில் வியக்கத்தக்க நுணுக்கம், ஓரங்களில் குழைவும் நிறச்சிதறலும். அதைவிட 10 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) லென்ஸ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கேமராவின் ஃபோகஸ் தொலைவில் இருக்கும்போதே 10 செ.மீ. தூரத்துப் பொருள் தெளிவாகும், தானியங்கி ஃபோகஸ் இன்னும் நெருங்க இடம்கொடுக்கும். கடிகாரத்தின் பல்சக்கரங்களை இப்போது இதைக்கொண்டே எடுக்கிறேன், ஒவ்வொரு பல்லின் விளிம்பையும் எண்ண முடிகிறது. பொருத்தும்போது லென்ஸின் மையம் கேமராவின் மையத்தோடு சரியாக நிற்கவில்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் மங்கும். க்ளிப் நாளடைவில் தளர்வதால், எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்த்துக்கொள்கிறேன். அதோடு, சட்டைப்பையிலிருந்து எடுத்த கைப்பேசியின் லென்ஸில் விரல்ரேகை படிந்திருக்கும். அதை மென்துணியால் துடைத்த பிறகே முதல் படம்.