எந்தக் கால் என்று ஐந்து முறை கேட்ட ஆஸ்பத்திரி

அம்மாவுக்கு வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து பத்து வாரம் ஆகிறது. கோவையில், எலும்புக்கென்றே இருக்கும் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் செய்தோம். நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். அதனால் பெயர் வேண்டாம். முட்டி ஆபரேஷனுக்கு இடம் தேடி அலைபவர்களுக்கு அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக மைக்ரோமீட்டர் பிடித்த கை. எங்கே போனாலும் கண் தானாக மெஷினில் ஒட்டியிருக்கும், அளவு சரிபார்த்ததைக் காட்டும் காலிபரேஷன் ஸ்டிக்கரைத் தேடும். ஆஸ்பத்திரி வரவேற்பில் என்.ஏ.பி.ஹெச். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதித்து, இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் அமைப்பு தருவது அது. நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழை மட்டும் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. ஆடிட் இல்லாத நாளில் வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் கணக்கு.

அம்மாவுக்கு வயது 66. சூலூர் பக்கம் வீடு, இரண்டு மாடு. ஆறு வருஷமாக மூட்டுத் தேய்மானம். ஊசி, மாத்திரை, எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பஸ் படியே ஏற முடியாத நிலை. எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை, உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன.

முதலில் போன இடத்தில் படத்தைப் பார்த்தவுடனே “அடுத்த செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆகிவிடுங்கள்” என்றார்கள். சர்க்கரையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இரண்டாவதாகப் போன இந்த ஆஸ்பத்திரியில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் பார்த்தார்கள். 9.1. “இதோடு கத்தி வைக்க மாட்டேன்” என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். சொத்தைப் பல் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டு வரச் சொன்னார். புதிய மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் சில சமயம் வைத்ததையே கழற்றி எடுக்க வேண்டி வரும் என்று எங்களை உட்காரவைத்து விளக்கினார். அம்மாவுக்கு வருத்தம்தான். எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துவிட்டது. வந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இரண்டு மாதம் கழித்து 7.3 ஆனது, தேதி கொடுத்தார்கள்.

அட்மிஷன் போட்ட சிஸ்டர் கேட்டார்: “எந்தக் காலுங்கம்மா?” “வலதுங்க.” மயக்க டாக்டர் வந்து அதையே கேட்டார். காலையில் ஆபரேஷன் டாக்டரே வந்து கேட்டு, அம்மா கையால் தொட்டுக் காட்டச் சொல்லி, தொடையில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி இன்னொரு சிஸ்டர். அம்மாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, இத்தன பேருக்கும் ஒண்ணு ஞாபகம் இருக்காதுங்களா?” என்று கேட்டேவிட்டார். அந்தச் சிஸ்டர் கோபப்படவில்லை. “எங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்கம்மா. இருந்தாலும் உங்க வாயால கேட்டுத்தான் உள்ள விடுவோம்” என்றார்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ததால் அம்மாவுக்கு உள்ளே நடந்தது கொஞ்சம் நினைவிருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் வேலையை நிறுத்தினார்களாம். ஒருவர் அம்மா பெயர், என்ன ஆபரேஷன், எந்தக் கால் என்று சத்தமாகப் படித்தாராம். அது ஐந்தாவது தடவை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஆபரேஷன் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல்படி நடப்பது இது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என மூன்று இடத்தில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் பஞ்சு, ஊசி எண்ணிக்கையும் சேரும். கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாடிக் போட்டது 7.40, கத்தி வைத்தது 8.05. ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நேரம் எழுதியிருந்தது, எழுதியவர் கையெழுத்தும் இருந்தது.

அதே ஷீட்டில் நான்கு ஸ்டிக்கர்கள். தொடை எலும்பின் முனைக்கு ஒன்று, கால் எலும்பின் மேல் வைக்கும் தட்டுக்கு ஒன்று, நடுவில் வரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் துண்டுக்கு ஒன்று, இவற்றை எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் லாட் நம்பர், அளவு, காலாவதித் தேதி. இன்னொரு செட்டை ஒரு அட்டையில் ஒட்டி எங்கள் கையில் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் பம்புக்குள் சுழலும் ஒரு இம்பெல்லரில் கீறல் வந்தால் அது எந்த நாள் எந்த உலோகத்தை உருக்கி வார்த்ததில் வந்தது என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அம்மாவின் முட்டிக்கும் அப்படி ஒரு முகவரி இருக்கிறது. இந்த அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பில்லிலும் மூட்டின் விலை தனி வரியாக இருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக முட்டிக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, வரி தனி. அதற்கு முன் சராசரியே ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கை சுத்தம் செய்யும் பாட்டில். ரவுண்ட்ஸில் ஒரு இளம் டாக்டர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு நேராக அம்மாவின் காலில் போட்டிருந்த கட்டைத் தொட வந்தார். சிஸ்டர் “சார், கை” என்றார். அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பாட்டிலை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். வயதில் இருபத்தைந்துகூட இருக்காது அந்தச் சிஸ்டருக்கு. டாக்டரை நிறுத்தும் உரிமை அவருக்கு இருக்கிறது, அதை டாக்டரும் ஒத்துக்கொள்கிறார். இதை வளர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இனி குறை.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு அம்மா பெல்லை அழுத்தினார். பதினைந்து நிமிஷம் யாரும் வரவில்லை. நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா ஒரு கையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் பதறிவிட்டது. கீழே விழும் அபாயம் உள்ளவர் என்று அவர் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியவர்களே அவர்கள்தான். ராத்திரி அந்த மாடிக்கு இரண்டு சிஸ்டர்கள், இருபதுக்கும் மேல் நோயாளிகள். சிஸ்டர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆள் போடாதது நிர்வாகம். எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், பதில் இன்னும் வரவில்லை.

அடுத்தது டிஸ்சார்ஜ் அன்று. இன்சூரன்ஸ் அப்ரூவலுக்காக ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். சம்மரி கைக்கு வந்ததும் படித்தேன். “இடது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை.” இடது! ஐந்து பேர் ஐந்து தடவை கேட்டு, அம்புக்குறி போட்டு, சத்தமாகப் படித்துச் செய்த காலைக் கடைசித் தாளில் மாற்றிவிட்டார்கள். வேறொருவரின் பழைய சம்மரியை எடுத்து அதன் மேலேயே டைப் செய்திருக்கிறார்கள். நாளைக்கு வேறு ஊரில் அவசரமாக ஒரு டாக்டர் இந்தத் தாளை நம்பித்தானே மருத்துவம் பார்ப்பார்? இருபது நிமிஷத்தில் திருத்திக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் குவாலிட்டிப் பொறுப்பில் இருக்கும் பெண்மணி நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு, நடந்ததைப் பிழைப் பதிவேட்டில் என் கண் முன்னாலேயே எழுதினார். மறைக்காமல் எழுதியதற்கு மரியாதை உண்டு. தியேட்டருக்குள் இருந்த கவனம் கம்ப்யூட்டர் அறை வரை வரவேண்டும் என்று அவரிடமே சொன்னேன்.

பிசியோ பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரில் நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். முட்டியை மடக்கும்போது அம்மா கண்ணில் தண்ணீர் வரும். “போதும் கண்ணு” என்பார், நான் விடமாட்டேன். இப்போது 110 டிகிரி மடங்குகிறது. தரையில் குத்தவைத்து உட்காரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் முன்பே மாற்றியிருந்தோம். பால் கறக்க மட்டும் ஆள் வைத்திருக்கிறோம், அதில்தான் அம்மாவுக்கு மனக்குறை.

தையில் இடது முட்டி. அம்மா அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் என்கிறார், எனக்கும் சம்மதம். ராத்திரியில் அம்மாவின் கட்டிலருகே எப்போதும் ஒருவர் இருக்க என் தங்கையும் வருகிறாள். ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.